கத்துகிற மோடம்

"என்னங்க சொல்றீங்க? எண்பதுக்கு மேல ஒத்தப் பைசா தரமாட்டீங்களா? மிளகு அம்புட்டு எறங்கிப் போச்சா? சரிங்க, வெச்சர்றேன்."

மண்டி முதலாளி ஜாபர் உசேன் ரிசீவரை வைத்தார். மிளகு மூட்டையோடு காத்திருந்த முனியாயியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகுதான் அர்த்தனாரி பக்கம் திரும்பினார்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்திருந்தான் அர்த்தனாரி. இந்த மிளகு மண்டிக்கு வெப்சைட் செய்யும் ஆர்டரைப் பிடிக்காவிட்டால் பெங்களூர் வேலை காலி. ஆனாலும் சணல் சாக்குகளையும் தராசையும் பார்த்ததும் அவனுக்கு இளக்காரம்தான் வந்தது.

அதற்காக மூன்று சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தவன் அவன். ஒன்றில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தது. இன்னொன்று பத்து வரி வேலைக்கு ஆயிரம் வரி கக்கியது. மூன்றாவதில் அருவி கொட்டியது, மிளகு உருண்டு வந்து கடைப் பெயராக நின்றது. என்ன, இந்த மலை லைனில் திறக்க ஏழு நிமிஷம் ஆகும்.

இழைத்துச் சுருக்கலாம். யார் மெனக்கெடுவது? மொத்தத்தையும் லேப்டாப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஃபோன் லைனில் இன்டர்நெட் இணையும்போது மோடம் கத்துவதைக்கூடப் பதிவு செய்து வைத்திருந்தான். கத்தினால்தானே இந்த ஜனங்கள் இன்டர்நெட் என்று நம்பும்!

அவன் ஃபோன் ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகும்போது, அடிவாரத்திலிருந்து பைக்கில் வந்திறங்கிய கடைப் பையன் பொன்னன், அன்றைய மிளகு விலையை முதலாளி காதில் கிசுகிசுத்துவிட்டுப் போனான். மேஜை மேல் ஃபோன் இருக்க, விலை சொல்லப் பெட்ரோல் ஊற்றி மலையேறுகிறார்கள்! அர்த்தனாரி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

கீய்ங்... கர்ர்... என்று கத்தி ஓய்ந்தது. திரையில் அருவி கொட்டியது.

"ஏனுங்க, நம்மூரு அருவி பொட்டிக்குள்ள பூந்துக்கிச்சுங்களா?" என்றாள் முனியாயி.

"அடேயப்பா! இது பெங்களூர்ல இருந்து இப்பவே வருதுங்களா தம்பி?" என்றார் ஜாபர் உசேன்.

"இப்பவே பாய். லைவ்."

"இந்த ஒயர் வழியாவா?"

"பின்ன, ஓட்டு வழியாவா ஒழுகும்? அதெல்லாம் டெக்னாலஜி பாய். சொன்னா உங்களுக்குப் புரியாது."

"சத்தியமா?"

"எங்கம்மா சத்தியமா."

ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை ஜாபர் உசேன் நிதானமாக மூடினார். முனியாயிக்குக் கேட்காதபடி அவன் காதருகே குனிந்தார்.

"லைன் செத்து நாலு நாளாச்சு தம்பி. இந்த வித்தைய நான் காலையில இருந்து பண்ணிட்டிருக்கேன்."