கூரைமேல் எலுமிச்சம்பழம்

"'இந்த வண்டியில என்னமோ செத்துக் கிடக்குது!' முதலாளியம்மா இப்படியேதான் சொன்னாங்க. அதுவும் என்னைப் பார்த்து!" என்று கத்தியது அந்தப் பழைய கேரவனின் கக்கூஸ் கோப்பை. நாளைக்கு மெக்கானிக் வந்து அதைக் கழற்றி எறியப்போகிறாராம்.

"என்னைப் பாதிக்கு மேல காலி பண்ணியாச்சு. இன்னும் நான் என்ன செய்ய? நீ நிஜமாவே சுத்தந்தானா?" என்றது பினாயில் பாட்டில்.

"மோந்துதான் பாரேன்!"

மோந்து பார்த்தது. மல்லிகை வாசனை. அப்புறம் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? இரண்டுக்கும் தலை சுற்றியது.

"வண்டிக்குப் பூஜை போடுறதுக்கு முன்னாடி இப்படி நாறினதே இல்லையே!" என்றது கோப்பை.

அந்தப் பூஜையில் குங்குமம் தடவி, கழிவுத் தொட்டியின் காற்று வெளியேறும் குழாயின் வாயில் திருஷ்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம் கூரையிலிருந்து குரல் கொடுத்தது.

"எல்லாம் கண்ணேறு. என் காவலைத் தாண்டி ஒரு தூசி உள்ளே போனதில்லை, ஒரு பொட்டுக் காத்து வெளியே போனதில்லை. இன்னும் அழுத்தி உட்காருறேன்."

"சாமி, நீங்கதான் காப்பாத்தணும்!" கோப்பை மூடியைத் தூக்கிக் கும்பிடு போட்டது. நாற்றம் குப்பென்று கூடியது.

அடியிலிருந்து கழிவுத் தொட்டி கூப்பிட்டது. அதோடு என்றைக்கு யார் பேசியிருக்கிறார்கள்?

"அண்ணே, எனக்கு மூச்சு முட்டுது. அந்தப் பழத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன். அண்ணே?"