மேனஸ் எழுந்திருக்கவில்லை

"வியாழக்கிழமை ஆள் வர்றான், மாமா. புகைபோக்கியை அடைச்சுட்டு ஹீட்டர் மாட்டப் போறான். இந்தத் தடவையாவது குறுக்க நிக்காதீங்க."

கிரானியா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேனஸ் அடுப்பில் இன்னொரு மண்கட்டியை வைத்தார். விறகுக்குப் பதிலாகச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கட்டி. எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம்.

"வெளிய வெயில் அடிக்குது. இப்ப எதுக்கு அடுப்பு?"

"எரியட்டும்."

அவ்வளவுதான். டப்ளினிலிருந்து இந்த லீட்ரிம் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, மாமனார் வாயிலிருந்து அதற்கு மேல் அவளால் பிடுங்க முடிந்ததில்லை. ராத்திரி தணலைச் சாம்பலால் மூடுவார். காலையில் கிளறி ஊதுவார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று புருஷனிடம் எரிந்து விழுவாள்.

போன டிசம்பரில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடுப்பு மறுநாளே அணைந்துவிட்டது. சனியன் விட்டது என்று இருந்துவிட்டாள். அவர் வீடு திரும்புகிற அன்றைக்கு, தீ மூட்டுகிற வெள்ளைக்கட்டி ஒரு பாக்கெட் வாங்கி வந்து, தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தாள். கிழவருக்குத் தெரியவா போகிறது? அதன் பிறகும் அவர் இருமலோடு படுத்துவிட்ட காலைகளில் அந்தக் கட்டிதான் கைகொடுத்தது. இன்றைக்குக் காலையிலும்கூட.

வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. எழுபது வயதிருக்கும், மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் இறங்கினாள். மேனஸ் வாசலுக்குப் போனார். கிரானியாவும் பின்னாலேயே போனாள்.

"என் பேர் லொரெயின் கில்பிரைட். ஒஹாயோவிலிருந்து வர்றேன். எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊர்தான். வீடு இந்தப் பக்கம்தான் இருந்ததுன்னு பாதிரியார் சொன்னார்."

"பக்கத்து நிலம்தான். இப்ப ஒண்ணும் இல்ல," என்றார் மேனஸ்.

"இடிஞ்ச சுவராவது?"

"கல்லையெல்லாம் ரோடு போட எடுத்துட்டுப் போயிட்டாங்க. புல்லுதான் இருக்கு."

அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "கல்லறையிலயும் எங்க பேர் இல்ல. எத்தனையோ வருஷம் தேடித்தான் இந்த ஊரையே கண்டுபிடிச்சேன். ஒரு கல்லையாவது தொட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கிரானியாவுக்குப் பொறுக்கவில்லை. மாமனாரை ஓரமாக இழுத்தாள்.

"மேட்டுல ஒரு பாழ்வீடு நிக்குதே, அதைக் காட்டி இதுதான்னு சொன்னா என்ன குறைஞ்சுடுவீங்க? இப்படித் தேடி வர்றவங்களுக்கு ஊர்ல எல்லாரும் அதைத்தானே செய்றாங்க?"

"அது மெக்பார்ட்லன் வீடு."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

கல்நெஞ்சு. ஒரு சின்னப் பொய்க்குக்கூட வளையாத மனுஷன்.

"உள்ள வாங்க," என்று அந்த அம்மாளிடம் சொன்னவர், அவளை முன்னே விடாமல் தானே விறுவிறுவென்று போய் அடுப்போரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வீட்டிலேயே மெத்தை போட்ட இருக்கை அது ஒன்றுதான். விருந்தாளி முக்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. கிரானியாவுக்கு மானம் போயிற்று.

"கையை நீட்டுங்க," என்றார் மேனஸ். "சூடு தெரியுதா?"

"தெரியுது."

"அது உங்க வீட்டு நெருப்பு."

அம்மாள் விழித்தாள்.

"அந்தக் காலத்துல ஊரை விட்டுப் போறவங்க அடுப்பை அணைச்சுட்டுப் போக மாட்டாங்க. தணலை வாரிப் பக்கத்து வீட்டு அடுப்புல போட்டுட்டுத்தான் கப்பல் ஏறுவாங்க. உங்க கொள்ளுத்தாத்தா எங்க வீட்ல போட்டார். திரும்பி வந்து எடுத்துக்கறேன்னு சொன்னாராம். அவர் வரல. நாங்க பார்த்துக்கிட்டோம்."

அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி கிரானியா கேட்டதே இல்லை.

லொரெயின் நீட்டிய கையை எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "அன்னியிலிருந்து அணையவே இல்லையா?"

கிரானியா அடுப்போரம் அவசரமாகக் கண்ணை ஓட்டினாள். வெள்ளைக்கட்டி பாக்கெட்டைக் காலையில் எங்கே போட்டோம் என்று நினைவு வரவில்லை.

மேனஸ் அடுப்பையே பார்த்தார். "போன டிசம்பர்ல நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். நான் போனா இதுவும் போயிடும்னுதான் பயம். என் மருமக பார்த்துக்கிட்டா."

அந்த அம்மாள் எழுந்து வந்து கிரானியாவைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. அடுத்த வருஷம் பேரனைக் கூட்டிட்டு வரலாமா? அவனும் பார்க்கணும்."

"வாங்க. அடுப்பு இருக்கும்," என்றாள் கிரானியா. சொன்ன பிறகுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. வர வேண்டாம் என்று அந்த ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

லொரெயின் விடைபெற்றாள். மேனஸ் உட்கார்ந்தபடியே கை குலுக்கினார். வழி தவறி வந்தவனைக்கூட வெளிக்கதவு வரை போய் அனுப்புகிற ஊர் இது. மனுஷன் அசையவில்லை. கிரானியாதான் கார் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

உள்ளே வந்ததும், தன் மேல் இருந்த கோபமும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தது.

"கடல் தாண்டி வந்தவங்க, மாமா. நல்ல இடத்தையும் பிடிச்சுக்கிட்டீங்க. எழுந்து வாசல் வரைக்கும் வர்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

மேனஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது வெள்ளைக்கட்டி பாக்கெட். எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதை வேற எங்கயாவது வைம்மா. ஒவ்வொரு தடவையும் நான் இதுமேலயே உக்காந்திருக்க முடியாது."