புது வைப்பர்

கணவன் சொல்லாமல் கிளம்பிப் போன பிறகு அந்தக் கார் வாசலைத் தாண்டவே இல்லை. அமலிக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் வாரந்தோறும் சாவி போட்டுச் சிறிது நேரம் உறுமவிடுவாள். திரும்பி வந்தால் அவன் முதலில் காரைத்தான் விசாரிப்பான். இந்த மழையில் வைப்பரைப் போட்டுப் பார்த்தபோது கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகத் தண்ணீர் நின்றது.

"ஓடாத வண்டிக்குத்தான்க்கா ரப்பர் சீக்கிரம் செத்துப்போகும்," என்றான் உதிரிபாகக் கடைக்காரன் தாவூது. "வெயில்ல நிக்கும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்தி வைக்கணும். அண்ணன் சொல்லலையா?"

"சொல்லிட்டுப் போற ஆளா அவரு!"

தாவூது சிரித்தான். "பெருசு அண்ணன் பக்கம், சின்னது உங்க பக்கம். மாத்திப் போட்டா ரெண்டும் முட்டிக்கும்."

"முட்டிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான்."

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாட்டிவிட்டு, தன் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வைப்பரை ஓடவிட்டாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தபோது வாசல் கதவருகே ஒருவன் நின்றான். அதே சாய்ந்த தோள், கையில் பை. வைப்பர் வந்து வழித்தது. கதவு மட்டும் இருந்தது. மறுபடி தண்ணீர் வழிந்தது. இப்போது அவன் ஒரு காலை உள்ளே வைத்திருந்தான். வைப்பர் அவனையும் சேர்த்து வழித்துக்கொண்டு போனது. நல்ல ரப்பர், ஒரு சொட்டு மிச்சமில்லை.

அமலி கை நீட்டி வைப்பரை நிறுத்தினாள். மழை கண்ணாடியை மூடியது. பிறகு காரில் வலப்பக்கம், அவன் பக்கக் கதவின் பூட்டை மெல்லத் திறந்துவிட்டாள்.