சோப்பில் விழுந்த கோடுகள்

"என் கண்ணால பார்த்தேன் ஜெஸ்ஸி. கங்காதரன் கடையில நின்னுக்கிட்டு, உன் சோப்பைப் பிரிச்சு, அதுல இருக்கிற கோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கிட்டிருந்தா அந்த சாமுண்டீஸ்வரி!"

பொன்னேரியிலிருந்து வந்த அவள் கணவன் ஜெரோம், வண்டியை விட்டு இறங்குமுன்பே சொன்னான்.

ஜெஸ்ஸி கையில் கத்தியோடு நிமிர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த சோப்பை அப்போதுதான் வெட்டத் தொடங்கியிருந்தாள். இதிலும் அதே கோடுகள். வெள்ளைச் சோப்புக்குள் கண்ணாடி போல, வளைந்து வளைந்து.

"அவரு இன்னா சொன்னாரு?"

"தலையைத் தலையை ஆட்டினாரு. என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க."

தோணிரேவு கிராமத்தில் தேங்காயெண்ணெய் சோப்பு செய்து விற்கிறவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். ஒரே மகளிர் குழுவில் இருந்தவர்கள். யார் தலைவி என்பதில் வாய்த்தகராறாகி, ஜெஸ்ஸி பிரிந்து வந்து தனியாகத் தொழில் தொடங்கினாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. வீடுகள் மட்டும் ஒரே தெருவில். சோப்புகளும் கங்காதரன் கடையில் பக்கத்துப் பக்கத்தில்.

ஒரு ஹாஸ்டலுக்கு மாதாமாதம் சோப்பு தரும் ஆர்டர் ஜெஸ்ஸிக்கு வந்தது. அதற்காகப் பெரிய அச்சு வாங்கினாள். அதிலிருந்து பிடித்தது இந்தக் கோடு.

எண்ணெயை மாற்றினாள். வடிகட்டினாள். கை கடுக்கக் கலக்கினாள். கோடு போகவில்லை.

"என்னம்மா, புழு ஊர்ந்த மாதிரி இருக்கு? பிள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? அடுத்த தடவை சரியா இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்று வார்டன் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில் இந்தச் சாமுண்டீஸ்வரி வேறு.

ஜெஸ்ஸி நேராகக் குழாயடிக்குப் போனாள். சாமுண்டீஸ்வரி குடத்தோடு நின்றிருந்தாள்.

"அடுத்தவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டாத்தான் சிலருக்குச் சோறு இறங்கும்! என் சோப்புல கோடு விழுந்தா உனக்கு இன்னா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சாமுண்டீஸ்வரி குழாயை மூடினாள். பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

"பார்த்தீங்களா? குத்தமுள்ள நெஞ்சு!" என்றாள் ஜெஸ்ஸி.

மறுநாள், கடையிலிருக்கும் சோப்புகளைத் திரும்ப எடுத்து வரப் பொன்னேரிக்குப் போனாள். கங்காதரன் தடுத்தார்.

"இரும்மா. காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணியை நல்லா ஆறவிட்டுத்தான் எண்ணெயில ஊத்துறியா?"

"நேரமில்லண்ணே. கொஞ்சம் சூடாத்தான் ஊத்துறேன்."

"அச்சுல ஊத்தினதும்?"

"போர்வை போட்டு மூடி வைப்பேன். வீடியோவுல அந்த வெள்ளைக்காரம்மா அப்படித்தான் செய்யுது."

"அந்தம்மா ஊருல பனி பெய்யுது. நம்ம வெயிலுக்குப் போர்வை எதுக்கு? பெரிய அச்சு வேற. சூடு வெளியே போக வழியில்லாம உள்ளேயே புழுங்கித்தான் கோடு விழுது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, பார்வைக்குத்தான் அசிங்கம். தண்ணியைக் கொஞ்சம் குறை. ஆறவிட்டுக் கல. மூடாம காத்தாட வை."

ஜெஸ்ஸி அப்படியே செய்தாள். அடுத்த அச்சை எடுத்து வெட்டினாள். முதல் துண்டு விழுந்தது. தேங்காய்ப் பத்தை போல வெள்ளை வெளேரென்று. ஒரு கோடு இல்லை. ஜெரோமைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண் கலங்கிவிட்டது.

சோப்பு பதமாகக் காய்ந்ததும் ஹாஸ்டலுக்குப் போனது. வார்டன் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

அன்றைக்கு ஏரியில் ஜெரோமின் வலையில் விழுந்த இறாலில் பெரியதாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜெஸ்ஸி கங்காதரன் கடைக்குப் போனாள்.

"அண்ணே, இது உங்களுக்கு. உங்களுக்குத்தான் எம்மாம் பெரிய மனசு! எங்க தெருவுலயும் கீறாளே ஒருத்தி..."

கங்காதரன் பையை அவள் பக்கமே தள்ளினார்.

"இதை உன் தெருவுலயே குடுத்துடும்மா. எனக்கு சோப்பு விக்கத்தான் தெரியும், செய்யத் தெரியாது. அன்னிக்கு சாமுண்டீஸ்வரிதான் உன் சோப்பை வாங்கிப் பிரிச்சு, கோட்டைக் காட்டி, இன்னின்ன கேளு, இன்னின்ன சொல்லுன்னு எனக்குப் பாடம் எடுத்தாங்க."

"அவளா?" என்றாள் ஜெஸ்ஸி.

"நீ குழாயடியில திட்டினியாமே? அன்னிக்குச் சாயங்காலமும் போன் பண்ணாங்க. ‘அவ வந்தா மறக்காம சொல்லிடுங்கண்ணே. எம்பேரு மட்டும் வேணாம். நான் சொன்னேன்னு தெரிஞ்சா வீம்புக்குன்னே இன்னும் ரெண்டு போர்வை போட்டு மூடுவா, பாவம், ஆர்டர் பூடும்’னு!"