பஞ்சக்காவின் மூச்சு

விழுந்த அடியில் மாஸ்டர், குத்து வாங்கப் பிடித்திருந்த மெத்தைப் பேடோடு சேர்ந்து பின்னால் தள்ளாடினார்.

பேடைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குத்தியவளைப் பார்த்தார்.

"பஞ்சக்காவா இது!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. கராத்தே வகுப்பே சிரித்தது.

நூல் மில்லிலிருந்து தலையில் பஞ்சோடு நேரே வகுப்புக்கு வருவதால் வந்த பட்டப்பெயர் என்று பஞ்சக்கா நினைத்திருந்தாள். அவளுடைய குத்து பஞ்சு மூட்டை மேல் பூனை குதித்த மாதிரி விழும் என்பதுதான் காரணம். தெரிந்தபோது அவளும் சிரித்தாள்.

மாஸ்டர் மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியது ஒன்றே ஒன்றுதான். மூச்சை அடக்காதே, கை போய் விழும்போது மூச்சு வெளியே வரட்டும்.

தலையாட்டுவாள். முஷ்டியை மடக்கியதுமே மூச்சு நின்றுவிடும். தோள் விறைத்துக்கொள்ளும். பாதி பலம் கைக்கு வந்தே சேராது.

அவளை இங்கே சேர்த்துவிட்டது கணவர். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்தால் மில் வாசலில் பைக்கோடு நிற்பார். நுரையீரல் கெட்ட பிறகு வீட்டு வாசல்படியே அவருக்கு மலையாகிவிட்டது.

"இனிமே என்னால கூட வர முடியாது. எவனாவது வம்பு பண்ணா நீயே ரெண்டு போடு" என்றார்.

இன்று மாஸ்டர் மறுபடி பேடை நீட்டினார். உஸ்ஸென்று மூச்சு சீறியது. அடி கூடமெங்கும் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ரெண்டு வாரமா ஆளையே காணோம். வீட்லயே பிராக்டிஸா?" என்றார் மாஸ்டர்.

அவள் தலையாட்டினாள்.

வீட்டில் பழகியது உண்மைதான். கணவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே, சுவரில் சாத்திய தலையணையைக் குத்துவாள். மூச்சை விடச் சொல்லி அவரும் சைகை காட்டுவார்.

விட்டால் அந்தச் சத்தத்தில் அவருடைய மூச்சு கேட்காது. அதனால் ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவருடையது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். வந்த பிறகே கை நீளும்.

ஒரு மாலை அப்படித்தான் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றாள். நெஞ்சு வெடிக்கும்வரை நின்றாள்.

கடைசியில் வந்தது அவளுடைய மூச்சு மட்டும்தான்.