அடிக்கச் சொன்னது யார்?

“குற்றவாளிக்குச் சர்க்கரை போடலாமா?” என்று கையில் காபித் தட்டோடு வாசலிலிருந்து கேட்டார் தயாரிப்பு நிர்வாகி.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாடகர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் போட்டிருக்கு” என்றார் நிர்வாகி. சமாதானம் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

எடுத்துக்கொண்டிருந்தது ஓர் ஆவணப்படம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டு மைதானத்தில் நடந்து, ரத்தக்களரியாகிப் போன ஒரு ராக் கச்சேரியைப் பற்றியது. பாட்டு உச்சத்தில் இருந்தபோது ரசிகன் ஒருவன் மேடையேறினான். காவலுக்கு நின்ற பவுன்சர்கள் அவன் மேல் விழுந்து முகத்தைப் பெயர்த்தார்கள். அதைப் பார்த்த கூட்டம் பவுன்சர்கள் மேல் விழுந்தது. அப்புறம் நாற்காலிகள் பறந்தன, மேடை எரிந்தது. அந்தப் பையனுக்கு ஒரு கண் போய்விட்டது.

முன்வரிசையில் இருந்த யாரோ ஒருவரின் செல்போனில் ஒரு குரல் மட்டும் பதிவாகியிருந்தது. “அவனை விடாதே. மூஞ்சியில அடி. நல்லா அடி.”

மைக் வைத்திருந்தது பாடகர், ஆகவே குரலும் அவருடையதுதான் என்று ஊரே தீர்ப்பெழுதிவிட்டது. கோர்ட் விட்டது, ஊர் விடவில்லை. குழு கலைந்தது. கடைக்குப் போனால் ‘அடி அண்ணன் வந்துட்டாரு’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அது தன் குரல் இல்லை என்று இன்றைக்கு இந்தக் கேமரா முன்னால் நிரூபித்தால்தான் அவருக்கு மறுபடி மேடை. அந்த ஒரே ஆசையில்தான் மனுஷன் வந்து உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் சாதாரண ஆள் இல்லை. அன்றைய கச்சேரியை டிவிக்கு நேரடியாக எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். “வெளியில டிவி வண்டிக்குள்ள உட்கார்ந்து வாக்கி-டாக்கியில ஆளுங்களை வேலை வாங்கிக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்று போகிற இடமெல்லாம் சொல்வார். வண்டிக்குள் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவரிடம் வேலை பார்த்த லைட்மேன் இன்றைக்கும் அவரிடம்தான் இருந்தார். இப்போது விளக்குக்குப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்தபடி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் பதிவுல ஒரு சந்தேகம்” என்றார் ஒலிப்பதிவாளர். “இது மேடை மைக் மாதிரி தெரியல. வாக்கி-டாக்கி கரகரப்பு மாதிரி இருக்கு. பவுன்சருங்க எல்லாம் இடுப்புல வாக்கி-டாக்கி...”

“கரகரப்பு இருந்தா இருக்கட்டும்யா. கேட்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும்ல” என்று அவர் வாயை அடைத்த இயக்குநர், பாடகரிடம் திரும்பினார். “அந்த மூணு வரியை நீங்க சொல்றீங்க. ரெண்டு குரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடும். கேமரா, ஆக்‌ஷன்.”

பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவனை விடாதே. மூஞ்சியில... அடி. நல்லா அடி.”

“கட். என்ன சார் இது, மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை.”

இரண்டாவது தடவையில் பாடகரின் குரல் நடுங்கியது. மூன்றாவதில் உடைந்தேவிட்டது. “அது நான் இல்லைன்னு மட்டும் சொல்லிடறேனே சார்” என்று கெஞ்சினார்.

“அதுக்கு வேற ஷாட் வெச்சிருக்கேன்” என்றார் இயக்குநர்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “அப்படிக் கத்தத் தெரிஞ்ச மனுஷனா இருந்தா, இத்தனை வருஷம் ஊர்க்காரங்க பேச்சை ஏன் சார் வாயை மூடிக்கிட்டு வாங்கிக் கட்டிக்கிறாரு?”

“அம்மா, நான் உங்க வீட்டுக்காரருக்கு எதிரி இல்ல” என்று நெஞ்சில் கை வைத்தார் இயக்குநர். “அந்தக் குரல் எவனோடதுன்னு மட்டும் தெரியட்டும். அவனை நடுத்தெருவுல நிறுத்தாம விடமாட்டேன். அந்தப் பையன் கண்ணுக்கு அவன் பதில் சொல்லியே ஆகணும்.” சொல்லி முடித்ததும், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இப்போ பாருங்க, எப்படிச் சொல்லணும்னு நான் காட்டறேன்” என்று எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

“அவனை விடாதே! மூஞ்சியில அடி! நல்லா அடி!”

கட்டடமே அதிர்ந்தது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி, இயக்குநரையே வெறித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் பெரிய விளக்கு சரக்கென்று திரும்பிப் பாடகரின் முகத்தில் பளீரென விழுந்தது. பாடகர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறியது. “எவன்யா அது, இப்போ லைட் அடிச்சது?”

தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து விளக்கைப் பிடித்தபடி நின்ற லைட்மேன், ஒன்றும் புரியாமல் விழித்தார்.

“நீங்கதானே சார் அடிக்கச் சொன்னீங்க.”