சத்தம் போடாத குக்கர்

"இங்க வந்துமா உன் கத்தல்? ஒரே விசில்ல மான் கூட்டமே ஓடிப்போச்சு!" காட்டு விடுதி வராந்தாவிலிருந்து பைனாகுலர் இதையே மறுபடியும் சொல்லிக்காட்டியது.

"வீட்டுல சிவனேன்னு கிடந்தவளை, வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு தூக்கிட்டு வந்தது யாராம்?" என்றது அடுப்பிலிருந்த குக்கர்.

"மார்கழிக் குளிருக்கு நிம்மதியா இருக்கத்தானே வந்தோம், விடும்மா," என்று நாற்காலியில் சுருண்டிருந்த கம்பளி கொட்டாவி விட்டது. "ஆமா, மத்தியானம் சாம்பார் சாதம்தானே?"

குக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விடுமுறையைக் கெடுத்தவள் என்ற பெயர் எதற்கு? வந்த விசிலை அப்படியே விழுங்கிக்கொண்டது. காடு அமைதியானது. மான்கள் திரும்பி வந்தன.

"பாத்தியா, மனசு வச்சா முடியுதில்ல!" என்று மெச்சிவிட்டு, பைனாகுலர் மான்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. கம்பளி கண்ணை மூடியது.

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. மூடி கிடுகிடுவென நடுங்க, மான்கள் மிரண்டுவிடாத குரலில் குக்கர் கேட்டது:

"யாராவது வந்து கொஞ்சம் அடுப்பை அணைக்கிறீங்களா?"